உக்ரைனின் இருண்ட அத்தியாயங்கள்: எதில் தொடங்குவது, யாரை நம்புவது?

போர்ச் செய்திகளைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு வாசகரின் கேள்வி இது. உக்ரைனின் பழைய துயரங்களை, குறிப்பாக 1933 பஞ்சம், பாபின் யார் (கீவ் நகரில் 1941-ல் யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பள்ளத்தாக்கு), செர்னோபில் அணுஉலை விபத்து ஆகியவற்றை, நாவலாக இல்லாமல் வரலாறாகப் படிக்க வேண்டும்; எதில் தொடங்குவது என்று கேட்கிறார். பஞ்சத்தில் இறந்தவர்கள் 40 லட்சம் என்கிறார் ஒருவர், ஒரு கோடி என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது என்பது அடுத்த குழப்பம். சோவியத் புத்தகங்கள் படித்து வளர்ந்த அவருடைய அப்பா, பஞ்சக் கதையே மேற்கத்தியப் பிரச்சாரம் என்கிறாராம்.

நான் சொல்லும் நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் கிடைப்பவை. காலவரிசையில் போகாதீர்கள் என்பதுதான் என் முதல் யோசனை. 1941-ல் தொடங்குங்கள். அனத்தோலி குஸ்னெத்சோவின் 'பாபி யார்' (பாபின் யாரின் ரஷ்யப் பெயர்) நூலை முதலில் எடுங்கள். வாங்கும்போது 1970-ல் வந்த முழுப் பதிப்பின் வழி வந்ததா என்று பார்த்து வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

குஸ்னெத்சோவ் 1929-ல் கீவில் பிறந்தவர். வீடு குரெனிவ்கா பகுதியில். பாபின் யார் என்ற பெரிய பள்ளத்தாக்கு அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். ஜெர்மன் படை 1941 செப்டம்பர் 19-ல் நகருக்குள் வந்தபோது அவருக்கு 12 வயது. அந்த மாதக் கடைசியில் நகரத்துச் சுவர்களில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. கீவிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள யூதர்கள் அனைவரும் 29-ம் தேதி திங்கட்கிழமை காலை 8 மணிக்குள் மெல்னிகோவா தெரு முனைக்கு வந்துவிட வேண்டும். ஆவணங்கள், பணம், விலையுயர்ந்த பொருள்கள், குளிர்கால உடைகள் கொண்டுவர வேண்டும். வராதவர்கள் சுடப்படுவார்கள். பக்கத்தில் சரக்கு ரயில் நிலையம் இருந்ததால், எங்கேயோ வேறு ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பலர் நினைத்தார்கள். ரயிலில் இடம் பிடிக்க விடியும் முன்பே கிளம்பியவர்களும் உண்டு. அன்றும் மறுநாளும் சேர்த்து 33,771 பேரைச் சுட்டதாக ஜெர்மன் கொலைப்படையே பெர்லினுக்கு அறிக்கை அனுப்பியது. அந்த எண்ணுக்கு ஆதாரம் கொன்றவர்களின் சொந்தக் கணக்குதான்.

அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து உயிரோடு மீண்ட மிகச் சிலரில் ஒருவர் தீனா ப்ரோனிச்செவா. கீவ் பொம்மலாட்ட அரங்கின் நடிகை. குண்டு பாயும் முன்பே பள்ளத்தில் விழுந்து, பிணங்களுக்கு நடுவே கிடந்து, இருட்டியபின் மேலே ஏறி வந்தவர். 1946-ல் கீவில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் குஸ்னெத்சோவ் அந்த அத்தியாயத்தை எழுதினார்.

இந்த நூல் முதலில் 1966-ல் 'யூனொஸ்த்' என்ற சோவியத் இதழில் வந்தது, தணிக்கையாளர்கள் கை வைத்த பிறகு. 1969-ல் லண்டனுக்குப் போன குஸ்னெத்சோவ் திரும்பவில்லை. கையெழுத்துப் பிரதிகளை மைக்ரோஃபிலிமாக்கி உடையில் மறைத்துக் கொண்டுபோயிருந்தார். அடுத்த ஆண்டு வந்த முழுப் பதிப்பில் ஒரு காரியம் செய்தார். சோவியத் இதழில் வந்த வரிகள் சாதாரண எழுத்தில். தணிக்கையாளர்கள் வெட்டிய வரிகள் தடித்த எழுத்தில். பிறகு அவராகச் சேர்த்தவை சதுர அடைப்புக்குறிக்குள். ஒரே பத்தியில் மூன்றும் கலந்து வரும். சாதாரண எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வாக்கியம் நடுவில் தடித்த எழுத்துக்கு மாறும்; எதைச் சொல்ல விடவில்லை என்று அந்த இடத்திலேயே புரிந்துவிடும். கீவின் முக்கியத் தெருவான கிரெஷ்சாதிக்கை வெடிவைத்துத் தகர்த்தது பின்வாங்கிய சோவியத் தரப்பு என்பது அப்படி வெளியே வராமல் நிறுத்தப்பட்ட விஷயங்களில் ஒன்று.

இதை முதலில் படிக்கச் சொல்வதன் காரணம் இதுதான்: உக்ரைனின் இருபதாம் நூற்றாண்டில் கொலை ஒரு பக்கம் நடந்தது, நடந்ததற்கான தடயத்தை அழிப்பது இன்னொரு பக்கம் நடந்தது. இரண்டாவதைத் தெரிந்துகொள்ளாமல் முதலாவதைப் பற்றிய எந்த நூலையும் சரியாக எடைபோட முடியாது. பாபின் யாரையே பாருங்கள். 1943-ல் பின்வாங்கும் முன் ஜெர்மானியர்கள் கைதிகளை வைத்துப் பிணங்களைத் தோண்டி எரித்தார்கள். போருக்குப் பிறகு சோவியத் நிர்வாகம் பக்கத்துச் செங்கல் தொழிற்சாலைகளின் சேற்றுக் கழிவை அதே பள்ளத்தில் நிரப்பியது. 1961 மார்ச் 13-ல் அணை உடைந்து அந்தச் சேறு குரெனிவ்காவுக்குள் பாய்ந்து பலரைக் கொன்றது. 1976-ல் ஒருவழியாக நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அதில் 'சோவியத் குடிமக்கள்' இருந்தார்கள். யூதர் என்ற சொல் இல்லை.

அப்புறம் பஞ்சத்துக்கு வாருங்கள். இதற்கு ஒரு நூல் போதாது. மூன்று வகை தேவை.

முதலில் முழுச் சித்திரம். ஆன் ஆப்பிள்பாமின் 'ரெட் ஃபேமின்', 2017-ல் வந்தது. அவர் பஞ்சத்தை 1932-ல் தொடங்காமல் 1917 புரட்சிக் காலத்து உக்ரைனிய விவசாயிக் கலகங்களிலிருந்து தொடங்குகிறார். அதுதான் நூலின் பலம். 1929 முதல் நிலங்களைக் கூட்டுப்பண்ணைகளாக்கியது, வசதியான விவசாயிகளைக் 'குலாக்' என்று முத்திரை குத்தி நாடுகடத்தியது, எட்ட முடியாத தானியக் கொள்முதல் இலக்குகள் என்று கதை படிப்படியாக இறுகும். 1932 ஆகஸ்ட் 7-ல் வந்த சட்டப்படி கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடினால் மரண தண்டனை, சலுகை காட்டினால் 10 ஆண்டு சிறை. அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்கியவர்கள்கூட இதில் மாட்டினார்கள். நான்கு நாள் கழித்து ஸ்டாலின் தன் நெருங்கிய சகா ககனோவிச்சுக்கு எழுதிய கடிதத்தில், உக்ரைனை நாம் இழந்துவிடக்கூடும் என்கிறார். நவம்பரில் கருப்புப் பட்டியல் வந்தது: இலக்கை எட்டாத கிராமத்துக்கு மண்ணெண்ணெய், தீக்குச்சி, உப்பு எதுவும் போகாது. தேடுதல் குழுக்கள் இரும்புக் கம்பியால் தரையையும் அடுப்பையும் குத்திப் பார்த்துத் தானியம் தேடின. தானியம் இல்லாத வீட்டில் உருளைக்கிழங்கு, பீட்ரூட், கடைசியில் பசு என்று எல்லாம் போயின.

இவற்றில் நான் மிகக் கொடியதாக நினைப்பது 1933 ஜனவரி 22-ம் தேதி உத்தரவு. ஸ்டாலினும் சோவியத் பிரதமர் மொலோதொவும் கையெழுத்திட்டது. பசியில் ஊரைவிட்டுக் கிளம்பும் உக்ரைனிய விவசாயிகளையும், உக்ரைனியர் நிறைய வாழ்ந்த ரஷ்யாவின் குபான் பகுதி விவசாயிகளையும் ரயிலிலும் சாலையிலும் தடுத்து நிறுத்தச் சொன்னது. மார்ச் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 2 லட்சத்து 20 ஆயிரம் பேரைப் பிடித்து, பெரும்பாலானவர்களை வந்த ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். அதே மாதங்களில் நாட்டிலிருந்து தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. நகரங்களில் 'தோர்க்சின்' என்ற அரசுக் கடைகள் இருந்தன; கல்யாண மோதிரத்தைக் கொடுத்து மாவு வாங்கிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம்.

இரண்டாவது வகை, தானியம் தேடிய அந்தக் குழுக்களில் இருந்த ஒருவரின் வாக்குமூலம். லெவ் கோபெலெவின் 'தி எஜுகேஷன் ஆஃப் எ ட்ரூ பிலீவர்' நூலைக் கட்டாயம் படியுங்கள். கோபெலெவ் கீவில் பிறந்தவர், அப்போது இருபது வயது கம்யூனிச இளைஞர். கிராமத்தில் தானியம் பிடுங்கும் வேலையில் இருந்தார். பெண்கள் அழுததையும் குழந்தைகள் கத்தியதையும் கேட்டுக்கொண்டே, இது எதிர்காலத்துக்காகச் செய்ய வேண்டிய காரியம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டதை ஒளிக்காமல் எழுதுகிறார். நல்ல மனிதர்கள் எப்படி இதில் சேர்ந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எந்த ஆய்வு நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் அப்பாவிடம் ஏதாவது ஒரு நூலைக் கொடுப்பதாக இருந்தால் இதைக் கொடுங்கள். எழுதியவர் வெளியிலிருந்து கல்லெறிந்தவர் இல்லை, உள்ளே இருந்து நம்பியவர்.

மூன்றாவது, ஆப்பிள்பாமோடு முரண்படும் நூல். ஆர். டபிள்யூ. டேவிஸ், ஸ்டீஃபன் வீட்கிராஃப்ட் இருவரும் எழுதிய 'தி இயர்ஸ் ஆஃப் ஹங்கர்', 2004. அட்டவணைகள் நிறைந்த கனமான புத்தகம். முழுக்கப் படிக்காவிட்டாலும் முடிவுரையைப் படியுங்கள். தவறான கொள்கையும் மோசமான விளைச்சலும் சேர்ந்து உண்டாக்கிய பஞ்சம் இது, அதற்கு ஸ்டாலின் பொறுப்பு, ஆனால் உக்ரைனியரைக் கொல்வதே நோக்கமாக இருந்தது என்பதற்கு ஆதாரம் காணவில்லை என்பது அவர்கள் நிலை. எல்லையை மூடியதும், உக்ரைனிய மொழியை வளர்க்கும் கொள்கையை 1932 டிசம்பரில் அதே கொள்முதல் உத்தரவோடு சேர்த்து முடக்கியதும், இது வெறும் பொருளாதாரத் தவறு இல்லை என்று காட்டுகின்றன என்பது மறுதரப்பு. இனப்படுகொலை என்ற சொல்லை உருவாக்கிய ரஃபேல் லெம்கினே 1953-ல் நியூயார்க்கில் பேசும்போது உக்ரைனை அந்தப் பட்டியலில் சேர்த்தார்; பஞ்சம் இனப்படுகொலைதான் என்று உக்ரைன் நாடாளுமன்றம் 2006-ல் சட்டமாக்கியது. அந்த ஜனவரி உத்தரவைப் பார்த்த பிறகு இரண்டாவது வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. இருந்தாலும் எதிர்வாதத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். கஜகஸ்தானையும் மறக்க வேண்டாம்: அதே ஆண்டுகளில் அங்கே சுமார் 15 லட்சம் பேர் இறந்தார்கள், மக்கள்தொகை விகிதத்தில் அது உக்ரைனைவிட அதிகம். சாரா கேமரூனின் 'தி ஹங்ரி ஸ்டெப்' அதைப் பற்றியது.

சரி, எண்ணிக்கை. உக்ரைனிய மக்கள்தொகை ஆய்வாளர்கள் இப்போது சொல்வது சுமார் 39 லட்சம் கூடுதல் மரணங்கள். பிறக்காமல் போன குழந்தைகள் இன்னும் சுமார் 6 லட்சம். 70 லட்சம், ஒரு கோடி என்ற எண்கள், ஆவணக்காப்பகங்கள் திறப்பதற்கு முன்பு போட்ட மதிப்பீடுகளிலிருந்தோ, பிறப்பு இழப்பையும் மற்ற பகுதிகளையும் சேர்த்துக்கொள்வதிலிருந்தோ வருகின்றன. எந்த நூலிலும் எண்ணைப் பார்த்தவுடன் மூன்று விஷயம் கேளுங்கள்: உக்ரைன் மட்டுமா, சோவியத் முழுவதுமா? எந்த ஆண்டுகள்? இறந்தவர்கள் மட்டுமா, பிறக்காதவர்களும் சேர்த்தியா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாத நூலாசிரியரை அந்த விஷயத்தில் நம்ப வேண்டியதில்லை.

இவ்வளவு குழப்பம் ஏன் வந்தது என்பதிலேயே ஒரு கதை இருக்கிறது. 1933 முடிவில் நாட்டின் மக்கள்தொகை 16.8 கோடி என்று ஸ்டாலின் கட்சி மாநாட்டில் அறிவித்தார். 1937 ஜனவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. மூன்று ஆண்டு கூடிய பிறகு வந்த எண் 16.2 கோடி. கணக்கெடுப்பை ரத்து செய்தார்கள். நடத்திய புள்ளியியலாளர்களைக் கைது செய்தார்கள். அதன் பொறுப்பாளர் ஒலிம்பி குவித்கின் சுட்டுக் கொல்லப்பட்டார். 1939-ல் புதிய கணக்கெடுப்பு நடந்து 17 கோடி என்று அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கையில் சண்டை வந்தால் அதற்கு வரலாற்றாசிரியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

உங்கள் அப்பாவின் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள், அதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. 1935-ல் அமெரிக்காவின் ஹெர்ஸ்ட் பத்திரிகைகள் தாமஸ் வாக்கர் என்ற பெயரில் வெளியிட்ட பஞ்சப் படங்கள் மோசடி. பல படங்கள் 1921–22 பஞ்சத்தில் எடுத்தவை. அந்த மோசடியைக் காட்டியே 1933 பஞ்சமே நடக்கவில்லை என்று வாதிட்டவர்கள் பிறகு வந்தார்கள். இன்றும் இணையத்தில் 'ஹோலோதோமோர்' (1933 பஞ்சத்துக்கு உக்ரைனியர் வைத்த பெயர்) என்று சுற்றும் படங்களில் நிறைய அந்தப் பழைய பஞ்சத்தின் படங்கள்தான். வயிறு ஊதிய குழந்தைகள் வரிசையாக நிற்கும் படம் கண்ணில் பட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். 1933-ல் கார்கிவ் தெருக்களில் ஒளித்து எடுத்த உண்மையான படங்கள் ஆஸ்திரியப் பொறியாளர் அலெக்சாந்தர் வீனர்பெர்கருடையவை. மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலம் மலிவு விலையில் வந்த நூல்களில் இந்தப் பஞ்சம் இருந்திருக்க முடியாது. ஏனென்றால் 1980-களின் கடைசி வரை சோவியத் அரசு அப்படி ஒன்று நடந்ததாகவே ஒப்புக்கொள்ளவில்லை. நான் மேலே சொன்ன உத்தரவுகள் எல்லாம் அந்த அரசின் சொந்த ஆவணங்கள். அவற்றை எழுதியவர்கள் மேற்கத்தியர்கள் இல்லை.

மேற்கத்தியப் பத்திரிகைகளே இதில் இரண்டாகப் பிரிந்து நின்றன என்பதும் அப்பாவுக்குத் தெரிய வேண்டிய செய்தி. வேல்ஸ் நாட்டு இளைஞர் கேரத் ஜோன்ஸ் 1933 மார்ச்சில் கார்கிவ் போகும் வழியில் ரயிலிலிருந்து இறங்கி, கிராமம் கிராமமாக நடந்து பார்த்துவிட்டு, பெர்லினில் பஞ்சத்தை அறிவித்தார். இரண்டே நாளில் நியூயார்க் டைம்ஸின் மாஸ்கோ நிருபர் வால்டர் டுராண்டி அதை மறுத்து எழுதினார். டுராண்டி முந்தைய ஆண்டுதான் புலிட்சர் பரிசு வாங்கியிருந்தார். உலகம் அவரைத்தான் நம்பியது.

பஞ்சத்தை அடுத்து எழுத்தாளர்கள். 1937 அக்டோபர், நவம்பரில் ரஷ்யாவின் வடமேற்கில் உள்ள கரேலியாவின் சந்தர்மோக் காட்டில், சோலோவ்கி சிறை முகாமிலிருந்து கொண்டுவந்த 1,111 கைதிகளைச் சுட்டார்கள். நாடக இயக்குநர் லெஸ் குர்பாஸ், கவிஞர் மிக்கோலா ஸெரோவ், நாடகாசிரியர் மிக்கோலா குலிஷ், நாவலாசிரியர் வலேரியன் பித்மொகில்னி எல்லாரும் அதில் போனார்கள். 1920-களில் எழுந்த ஒரு முழு இலக்கியத் தலைமுறை அது. இதற்கென்று தனி வரலாற்று நூலைத் தேடுவதைவிட, பித்மொகில்னியின் எழுத்தை ஒன்றாவது படியுங்கள் என்பேன். இழந்தது என்ன என்று அப்போதுதான் உறைக்கும்.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் பகுதி. உக்ரைனியர்கள் பலியானவர்களாக மட்டும் வரும் நூல்களோடு நின்றுவிடாதீர்கள். பாபின் யாரில் கூட்டத்தை ஓட்டிச் சென்றவர்களில் உக்ரைனியத் துணைப் போலீசாரும் இருந்தார்கள். வெண்டி லோவரின் 'தி ரெவைன்', 2021-ல் வந்த சிறிய நூல், ஒரே ஒரு புகைப்படத்தைப் பற்றியது. 1941 அக்டோபர் 13, மிரோபில் என்ற ஊர். பள்ளத்தின் விளிம்பில் ஒரு பெண் முன்னே குனிகிறாள், ஒரு சிறுவனின் கையைப் பிடித்திருக்கிறாள். பின்னால் துப்பாக்கிப் புகை. சுடுபவர்களில் ஜெர்மானியரும் இருக்கிறார்கள், உள்ளூர்க்காரரும் இருக்கிறார்கள். படமெடுத்தவர் ஒரு ஸ்லோவாக்கியர். லோவர் அந்தப் படத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் யார் என்று ஆண்டுக்கணக்கில் தேடுகிறார். பெரிய எண்களில் மரத்துப்போகும் மனத்துக்கு இந்த நூல் நல்ல மருந்து.

மேற்கு உக்ரைனின் வோலின் பகுதிக் கதையும் அப்படித்தான். 1943-ல் தேசியவாத ஆயுதக் குழுவான உக்ரைனியக் கிளர்ச்சிப் படை வோலினிலும், பிறகு கிழக்கு கலீசியாவிலும் பல்லாயிரக்கணக்கான போலந்து கிராமவாசிகளைக் கொன்றது. பழிக்குப் பழியாக உக்ரைனியர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஜூலை 11 அன்று ஒரே நாளில் ஏராளமான போலந்து ஊர்கள் தாக்கப்பட்டன. இன்றைய போரில் உக்ரைன் பக்கம் நிற்பவர்களுக்கு இதைப் படிப்பது சங்கடமாக இருக்கும். படித்தே ஆக வேண்டும். ஏனென்றால் இந்த அத்தியாயத்தைத்தான் ரஷ்யப் பிரச்சாரம் ஊதிப் பெரிதாக்கி, ஒரு நாட்டையே நாஜி என்று சொல்லப் பயன்படுத்துகிறது. நடந்தது என்ன என்று தெரிந்தவரிடம்தான் அந்தப் பேச்சு எடுபடாது. திமோத்தி ஸ்னைடரின் 'தி ரீகன்ஸ்ட்ரக்ஷன் ஆஃப் நேஷன்ஸ்' இதை இரு தரப்புக்கும் நியாயமாகச் சொல்கிறது. அவருடைய புகழ்பெற்ற 'பிளட்லேண்ட்ஸ்' நூலையும் படிக்கலாம். 1933 முதல் 1945 வரை ஹிட்லரும் ஸ்டாலினும் இந்த நிலப்பரப்பில் கொன்ற 1.4 கோடிப் பேரைப் பற்றியது. ஆனால் அதை முதல் புத்தகமாக எடுக்காதீர்கள். அடுக்கடுக்காக வரும் சாவுகளில் எது எங்கே நடந்தது என்பதே குழம்பிவிடும்.

செர்னோபிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதற்கு நல்ல நூல்கள் நிறைய. என் தேர்வு செர்ஹீ ப்ளோகியின் 'செர்னோபில்'. 1986 ஏப்ரல் 26 விபத்துக்குப் பிறகு, காற்று கீவ் பக்கம் திரும்பிய நிலையிலும் மே தின ஊர்வலத்தைக் குழந்தைகளோடு நடத்தியே தீர வேண்டும் என்று மாஸ்கோ வற்புறுத்திய கதை அதில் விரிவாக வருகிறது. ஸ்வெத்லானா அலெக்சியேவிச்சின் 'செர்னோபில் பிரேயர்' மனதை உலுக்கும். இரண்டு எச்சரிக்கை: அதில் பேசுபவர்களில் பெரும்பாலானோர் பெலாரஸ்காரர்கள், அவர் சாட்சியங்களைச் செதுக்கி, பதிப்புக்குப் பதிப்பு மாற்றியும் இருக்கிறார். இலக்கியமாகப் படியுங்கள், மேற்கோளுக்கு ப்ளோகியிடம் போங்கள்.

இத்தனையையும் ஒரே மூச்சில் படிக்க முயல வேண்டாம். பஞ்ச நூல் ஒன்று முடிந்ததும் அடுத்த பஞ்ச நூலுக்குப் போகாமல், நடுவில் ப்ளோகியின் 'தி கேட்ஸ் ஆஃப் யூரோப்' நூலில் சில அத்தியாயங்கள் படியுங்கள். கொசாக்குகள், கவிஞர் ஷெவ்சென்கோ, ஹாப்ஸ்பர்க் காலத்து லிவிவ் எல்லாம் அதில் வரும். சாவு மட்டுமே ஒரு நாட்டின் வரலாறு என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

கடைசியாக, இப்போதைய போரைப் பற்றி ஒன்று: விக்டோரியா அமெலினாவின் 'லுக்கிங் அட் விமன் லுக்கிங் அட் வார்'. அமெலினா நாவலாசிரியர். 2022 படையெடுப்புக்குப் பின் நாவலை வைத்துவிட்டுப் போர்க்குற்றங்களைப் பதிவு செய்யும் பயிற்சி எடுத்தார். கார்கிவ் வட்டாரத்தில் கபித்தோலிவ்கா என்ற கிராமம்; ரஷ்யப் படை பிடித்திருந்தபோது, சிறுவர்களுக்கு எழுதிவந்த வொலோதிமிர் வாகுலென்கோ தன் நாட்குறிப்பைத் தோட்டத்தில் செர்ரி மரத்தடியில் புதைத்து வைத்தார். பிறகு அவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றுவிட்டார்கள். ஊர் மீட்கப்பட்டதும், 2022 செப்டம்பரில், வாகுலென்கோவின் தந்தையோடு சேர்ந்து மண்ணைத் தோண்டி அந்த நாட்குறிப்பை எடுத்தவர் அமெலினா. 2023 ஜூனில் க்ரமத்தோர்ஸ்க் உணவகம் ஒன்றில் ஏவுகணை விழுந்தபோது படுகாயமடைந்து ஜூலை 1-ல் இறந்தார். நூல் முடிந்திருக்கவில்லை. பதிப்பாசிரியர்கள் அதை முடித்துவைக்காமல், குறிப்புகளையும் பாதி வாக்கியங்களையும் அப்படியே விட்டு 2025-ல் வெளியிட்டார்கள். அதனால் சில பக்கங்கள் வெறும் தலைப்பும் இரண்டு வரிக் குறிப்புமாக இருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். 2014-க்குப் பிறகு நடந்தவை உங்களுக்கு ஓரளவு பழக்கம் இல்லையென்றால், 'தி கேட்ஸ் ஆஃப் யூரோப்' நூலின் கடைசி அத்தியாயங்களை முடித்துவிட்டு இதை எடுங்கள்.